பில்லை வாசித்த விருந்தாளி

1

சென்ற மே மாதம், எங்கள் இருபதாவது திருமண நாள் விருந்து ஒரு மன்னிப்பில் முடிந்தது. கேட்டவள் நான். கேட்டிருக்க வேண்டியவர்கள் வேறு.

லண்டனில், தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, நாங்கள் இருக்கும் பகுதியிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய உணவகம் அது. மூன்று வாரத்திற்கு முன்பே இடம் சொல்லி வைத்திருந்தோம். கணவர், மகள், நான் ஆகிய மூவருக்கும் கழிப்பறைக் கதவை ஒட்டிய மேசை கிடைத்தது. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே கை உலர்த்தும் பொறியின் வெந்த காற்று என் கழுத்தில் வந்து விழுந்தது. தண்ணீருக்கு மூன்று முறை சொன்னோம். புலால் உண்ணாத என் கணவர் காளான் சோறு கேட்டார். பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவி வந்தது. திருப்பி அனுப்பினோம். கால் மணி நேரத்தில் அதே தட்டு, விளிம்பில் அதே கறையோடு, துணுக்குகள் மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டு மீண்டு வந்தது. என் கணவர் அதைத் தொடவில்லை. என் தட்டிலிருந்து இரண்டு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு, "பரவாயில்லை" என்றார். அவருடைய இருபது ஆண்டு இல்லறத்தின் சாரம் அந்தச் சொல்.

பிறகு பில் வந்தது. பில் என்றே எழுதுகிறேன். அதற்கு என்னிடம் நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அந்தத் தாளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அடியில் ஒரு வரி: சர்வீஸ் சார்ஜ், பன்னிரண்டரை விழுக்காடு. அதன் கீழே, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில், இது முற்றிலும் உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது என்றிருந்தது. ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். உணவின் விலை வேறு, வரி வேறு. இது, உணவை நம்மிடம் கொண்டு வந்து சேர்த்த பணிக்கு உரிய தொகை. விரும்பினால் தரலாம், வேண்டாமென்றால் நீக்கச் சொல்லலாம். விருப்பம் என்னுடையது என்றால், என்னைக் கேட்காமல் அதை அளந்து, கூட்டி, அச்சடித்து என் முன்னே வைத்தவர் யார்?

நீக்கச் சொல்வது என்று முடிவு செய்தேன். மனத்துக்குள் வாக்கியத்தைக் கட்டினேன். எழுவாய், பயனிலை, காரணம், எல்லாம் ஒழுங்காக அமைந்தன. பரிமாறிய இளைஞர் வந்து நின்று, எல்லாம் நன்றாக இருந்ததா என்று கேட்டார். என் வாய் திறந்தது. "லவ்லி, தாங்க் யூ" என்றது. எனக்கே விளங்கவில்லை. அந்த வரியின்மீது விரலை வைத்தேன். அடுத்து என் வாயிலிருந்து வந்த சொல் "ஸாரி". அவர் புன்னகைத்து, அட்டை தேய்க்கும் கருவியை என் பக்கம் நகர்த்தினார். கணவர் கட்டிவிட்டார்.

இங்கே நான் சனிக்கிழமைகளில் ஒரு தேவாலயக் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் கற்பிக்கிறேன். ஒற்று மிகும் இடத்தில் மிகவில்லை என்றால் பெற்றோரையே நிறுத்தி வைத்துத் திருத்துவேன். அப்படிப்பட்டவளுக்கு ஏன் கோபத்தைச் சொல்ல ஓர் ஆங்கில வாக்கியம் வரவில்லை? நான் ஆங்கிலம் கற்றது நூல்களில் அல்ல, சன்னல்களில். விசா அலுவலகத்தின் சன்னல், மருத்துவமனை வரவேற்பறையின் சன்னல், நகரமன்றத்தில் வீட்டு வரி கட்டும் சன்னல். ஒரு படிவத்தில் என் தந்தையின் பெயர் என் குடும்பப் பெயராகி, இன்னொன்றில் என் கணவரின் பெயரே என் பெயராகி, இரண்டும் ஒருவரே என்று நிறுவ ஐந்து மாதம் அலைந்தேன். ஒவ்வொரு சன்னலிலும் குரல் உயர்ந்தால் கோப்பு அடியில் போய்விடும் என்பதைக் கற்றேன். என் ஆங்கிலம் மன்னிப்பில் தொடங்கி நன்றியில் முடிவது. இடையில் கோபத்துக்கு இடம் இல்லை.

வெளியே வந்ததும் என் மகள் நறுமுகை பெருமூச்சு விட்டாள். "நல்ல வேளை அம்மா, நீங்க சீன் போடலை" என்றாள். அவளுக்குப் பதினெட்டு வயது. வார இறுதியில் ஒரு காப்பிக் கடையில் பரிமாறுகிறாள். அங்கே அவள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையில் 'நாரா' என்றிருக்கிறது. நறுமுகை என்பது அவர்களுக்கு நீளமாம். அதை முதன்முதலில் பார்த்த அன்றும் நான் எதுவும் சொல்லவில்லை. விழுங்கியவை எல்லாம் செரித்துவிடுவதில்லை.

2

ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். அண்ணன் மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிறார். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்புகிறார். நாங்கள் போய் இறங்கிய மூன்றாம் நாளே, "மாப்ளயும் பாப்பாவும் அவ்ளோ தூரத்திலேர்ந்து வந்துக்கீறாங்க, வூட்டுலயே அடைச்சி வச்சா எப்டி?" என்று அண்ணியிடம் சண்டை போட்டு, மலைக்குக் கிளம்ப ஏற்பாடு செய்தார். ஐம்பது வயதை நெருங்கும் என்னை அவர் இன்னும் பாப்பா என்றுதான் அழைக்கிறார். மலைப்பாதை தலை சுற்றும் என்று அண்ணி வரவில்லை. கச்சிராயபாளையம் வழியாக ஏறினோம். அருவியில் கால் நனைத்துவிட்டு, பசியோடு கரியாலூர் வந்தபோது பிற்பகல் ஆகியிருந்தது.

சாலையோரத்தில் ஆவி பறக்கச் சோறு போடும் கடைகள் இருந்தன. லண்டன்காரர்களை அங்கே உட்கார வைக்க அண்ணனுக்கு மனம் இல்லை. புதிதாகத் திறந்திருந்த தங்கும் விடுதி ஒன்றின் முகப்பில் 'ஃபேமிலி ரெஸ்டாரண்ட்' என்று பலகை இருந்தது. உரிமையாளர் சென்னையில் இருப்பவராம். "ஏசி இருக்குது மாப்ள" என்று சொல்லி என் கணவரை முன்னே விட்டார்.

ஏசி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இருந்தது. பதினொரு மேசைக்கும் பரிமாற ஒரே ஓர் அம்மாள் இருந்தார். நாற்பது வயது இருக்கலாம். சேலைமேல் விடுதியின் பச்சைச் சட்டை. எங்கள் மேசையில் முன்பு உண்டவர்களின் மீன்முள் இருந்தது. அதைத் துடைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. துடைத்த துணியின் வாடை மேசையிலேயே தங்கிவிட்டது. பரோட்டா வந்து, ஆறி, தோல்போல் ஆன பிறகு குருமா வந்தது. நறுமுகை கேட்ட எலுமிச்சைச் சாறு பக்கத்து மேசைக்குப் போய், அங்கே ஒரு பிள்ளை பாதி குடித்ததும் திரும்பி எங்களைத் தேடி வந்தது.

"யம்மா, தண்ணி கேட்டு எவ்ளோ நேரம் ஆவுது!" என்றார் அண்ணன்.

"தோ வரேங்க சார்."

"தோ, தோன்னு அர மணி நேரமா சொல்லிக்கினு இருக்கியே."

"ரெண்டு காலுதாங்க சார் வச்சிக்கீறேன். நாலு இருந்தா மாடுன்னு கட்டிப்புடுவாங்க."

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மே மாதத்திலிருந்து ஒரு வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு அலைகிறவள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விருந்தாளியை வெளியில் அழைத்துப் போய் உணவளித்தால், பில் விருந்தாளியின் கண்ணில் படக்கூடாது. அண்ணன் எல்லாருக்கும் முன்பே உண்டு முடிப்பார். கை கழுவப் போவதுபோல் எழுந்திருப்பார். கல்லாவில் ரூபாய்த் தாள்களை வைப்பார். கொடுத்த மீதியை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொண்டு, ஈரக் கையைத் துடைத்தபடி திரும்பி வருவார். பில்லை அவரும் படிக்கமாட்டார். படித்தால் விருந்தாளி உண்ட கவளத்தை எண்ணியதாகும். கள்ளக்குறிச்சியில் எந்தக் கடையிலும் இதைப் பார்க்கலாம்: இரண்டு பெரிய மனிதர்கள் கல்லாவின் முன் ஒருவர் கையை ஒருவர் பிடித்து மல்லுக்கட்டுவார்கள், தாள் ஓரமாகக் கிடக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருமே பார்க்கமாட்டார்கள்.

இந்த மானத்தை எங்கோ சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நன்றாகக் கணக்கிட்டிருக்கிறார். லண்டனில் கூச்சத்தை நம்பி அச்சடிக்கிறார்கள். இங்கே மானத்தை நம்பி. படிக்காத தாளில் எதையும் அச்சடிக்கலாம்.

அண்ணன் எழுவதற்குச் சற்று முன்பே நான் எழுந்தேன். அவருடைய உத்தி எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். கல்லாவுக்குப் போய் பில்லைக் கையில் வாங்கினேன். படித்தேன். அடியில் ஒரு வரி: சர்வீஸ் சார்ஜ், பத்து விழுக்காடு.

மே மாதம் வராத சொற்கள் எல்லாம் அப்போது வந்தன. தமிழில் வந்தன.

"இது எந்தப் பணிக்கு உரிய கட்டணம்? மேசையில் மீன்முள் கிடந்ததே, அதற்கா? ஆறிப்போன பரோட்டாவுக்கா? பிறர் குடித்த எச்சில் சாற்றை என் மகள் முன்னே கொண்டு வந்து வைத்தீர்களே, அதற்கா? இந்தத் தொகையைக் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்று இந்த நாட்டில் விதி இருப்பது உங்களுக்குத் தெரியாதா?"

கல்லாவில் இருந்த மேலாளர் எழுந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருப்பார். "மேடம், மேடம், கம்ப்யூட்டர்லியே வந்துடுதுங்க மேடம்."

"கணினி தானாக எழுதுமா? எழுதச் சொன்னவர் யார்? நீக்குங்கள்."

"எடுக்க முடியாதுங்க மேடம். எடுக்கணும்னா சென்னைல ஓனர் போனுக்கு ஓ.டி.பி. போவும். அவரு சொன்னாத்தான் ஆவும். ஞாயித்துக்கிழம அவரு எடுக்கமாட்டாரு."

மலை உச்சியில் பரோட்டா தின்றதற்குச் சென்னையிலிருந்து ஆறு இலக்க எண் வரவேண்டுமாம். நான் சுற்றிலும் பார்த்தேன். பதினொரு மேசையும் உண்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அது எனக்கு இன்பமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"நான் சொல்வது பொய்யென்றால் இதோ நிற்கிறாரே, இந்த அம்மாளையே கேளுங்கள், எத்தனை முறை தண்ணீர் கேட்டோம் என்று!"

சொல்லும்போது என் கை நீண்டது. எச்சில் தட்டுகளை அடுக்கிப் பிடித்தபடி அந்த அம்மாள் நின்றுவிட்டார்.

மேலாளரின் குரல் அந்த நொடியிலேயே மாறியது. இதுவரை மேடம் மேடம் என்று குழைந்த வாயா இது என்றிருந்தது. "ஏய் பச்சையம்மா! இன்னா பண்ணிக்கினு இருந்த நீ? கஸ்டமருக்குத் தண்ணி வெக்கத் துப்பில்ல?" என்று அவரிடம் பாய்ந்துவிட்டு, என் பக்கம் திரும்பி மீண்டும் குழைந்தார். "கம்ப்யூட்டர்ல அடிச்சது அடிச்சதுதாங்க மேடம். நீங்க வருத்தப்படாதீங்க. நான் கல்லாவுலேர்ந்து அந்தப் பணத்த எடுத்துக் குடுத்துடறேன். இவ கூலில கழிச்சிக்கிறேன்."

அதற்குள் அண்ணன் பில்லைப் பார்க்காமலே முழுத் தொகையையும் கல்லாவில் வைத்துவிட்டிருந்தார். மேலாளர் முந்நூற்றுச் சொச்சம் ரூபாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் சொன்ன கடைசி வாக்கியம் எனக்குள் போய்ச் சேர்ந்தது.

தோளில் அண்ணனின் ஈரக் கை விழுந்தது. "பாப்பா, வுடு. வா."

3

வண்டியருகே நின்றோம். விடுதியின் பின்கட்டிலிருந்து பச்சையம்மாள் எச்சில் இலைக் கூடையோடு வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாப் பேசினீங்கம்மா. ரேடியோப் பொட்டில பேசற மாரியே இருந்துச்சு."

நான் கையிலிருந்த தாள்களை மடித்தேன்.

"ஆனா கூலி என்னுதுல போவுது."

"அந்தக் கட்டணம் உங்களுக்குத்தானே வர வேண்டும்? உங்களுக்குத் தருவதில்லையா?" என்றேன்.

அவர் சிரித்தார். "எனுக்கா? மின்ன நாங்க நாலு பேரு இருந்தோம். துன்னுட்டுப் போறவங்க சோம்புத் தட்டுல பத்தோ இருவதோ போட்டுட்டுப் போவாங்க. சாயங்காலம் நாலு பேரும் பிரிச்சிக்குவோம். அப்பறம் இத்த பில்லுல போட்டாங்க. சனங்க இன்னா நெனைக்கிறாங்க? அதான் பில்லுலியே குடுத்துட்டமே, அது இந்த அம்மாவுக்குத்தான் போவும்னு. சோம்ப மட்டும் அள்ளி வாயில போட்டுக்கினு போய்டறாங்க. மூணு பேரு கட்டுப்படியாவலன்னு நின்னுட்டாளுங்க. நான் ஒருத்தி ஓடிக்கினு கெடக்கறேன்."

"உரிமையாளரிடம் கேட்கவில்லையா?"

"அவர நான் போட்டோவுலதாம்மா பாத்துக்கீறேன். கல்லாவுக்கு மேல மாட்டிக்கீறாங்களே, நீங்க பாக்கல?"

நான் பார்த்திருக்கவில்லை. பில்லை மட்டும்தான் பார்த்தேன்.

அண்ணன் கேட்டார்: "எந்த ஊரும்மா நீ?"

"இங்கதாங்க, அடுத்த ஊரு. சாமை போட்டிருக்கோம், அது வூட்டுச் சோத்துக்குத்தான் காணும். நீங்க?"

"மணலூர்பேட்ட பக்கம். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு போடறேன்."

"அந்தப் பக்கந்தான் எங்க சனம் வெட்டுக்கு எறங்கும். நானும் எட்டு வருசம் எறங்குனவதான். பொண்ணு பத்தாவது போவுது. நான் எறங்கிட்டா அத்த ஒண்டியா வுட முடியாது, கூட இஸ்துக்கினு போவணும். படிப்பு போய்டும். அதுக்குத்தான் இந்தப் பச்சச் சட்டயப் போட்டுக்கினேன்." அவர் என்னைப் பார்த்தார். குரலில் கேலி போயிருந்தது. "நீங்க ஒண்ணு பண்ணுங்கம்மா. அந்தப் பணத்த அவன்கிட்டயே குடுத்துட்டு, எல்லாம் நல்லா இருந்திச்சின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போய்டுங்க. எனுக்கு வேல போவாம இருக்கும்."

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். இந்தச் சொற்களை நான் வேறொரு மொழியில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

திரும்ப உள்ளே போனேன். பணத்தைக் கல்லாவில் வைத்து, "அந்த அம்மாளின் கூலியில் கை வைக்கக் கூடாது" என்றேன். மேலாளர் தாள்களை எடுத்து இழுப்பறையில் போட்டார். "சேச்சே, அதெல்லாம் இல்லிங்க மேடம். சும்மா ஒரு பயத்துக்குத்தான் சொன்னேன்." பிறகு ஓர் அட்டையை என் முன் தள்ளினார். "போன்ல அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போங்க மேடம். ஓனரு பாப்பாரு."

போட்டேன். ஐந்து விண்மீன்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். கருத்து எழுதும் கட்டத்தில் 'சிறப்பான பணி' என்று எழுதினேன். இலக்கணப் பிழை ஏதும் இல்லை.

4

மலை இறங்கினோம். கோமுகி அணை தெரியும் இடத்தில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். "மாப்ள மின்னாடி பில்லப் படிக்கிறியே பாப்பா! நான் பண்ண விருந்து அது. நான் துட்டு குடுக்க முடியாதவன்னு அந்தக் கடையில பதினோரு மேசயும் பாத்துச்சு."

"அண்ணா, நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்றுதான் அவர்கள் அதை எழுதுகிறார்கள்."

"எளுதட்டும். போனா போவுது."

"போனது உங்களிடமிருந்து அல்ல. பச்சையம்மாளிடமிருந்து."

அவர் வண்டியை மீண்டும் கிளப்பினார். அந்த ஒரு வாதத்தில் நான் வென்றேன் என்று நினைத்தேன். பின்னிருக்கையிலிருந்து நறுமுகை பேசினாள். அவளுடைய தமிழ் பாதி வழியில் ஆங்கிலத்தில் ஏறிக்கொள்ளும். அன்று அவள் மிகவும் முயன்று தமிழிலேயே சொன்னாள்.

"அம்மா, நீங்க அந்த மேனேஜரைத்தான் திட்டினீங்க. ஆனா விரல் அவங்க மேல இருந்துது."

"சாட்சிக்காகத்தானே காட்டினேன்."

"எங்க கடையிலயும் அப்படித்தான். கஸ்டமர் கம்பெனியைத் திட்டுவாங்க. கை என் பேட்ஜைக் காட்டும்." சட்டையில் பட்டை குத்தும் இடத்தைத் தொட்டாள். "அதுல பேர் தப்பா இருக்கறது எனக்கு நல்லதும்மா. கம்ப்ளெய்ன்ட் நாரா மேலதான் போகும்."

பெயர்ப்பட்டையைப் பற்றி ஓராண்டாக நான் விழுங்கி வைத்திருந்த கோபம் இருக்க இடம் தெரியாமல் நின்றது. பிள்ளை மொழியைவிட்டு விலகிப் போகிறாளே என்று கட்டுரைகள் எழுதியவள் நான். அவள் போய் நின்றிருந்த இடத்தை நான் பார்க்கவே இல்லை. அவள் பச்சையம்மாளின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

கணவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பரவாயில்லை" என்று தொடங்கினார். "பரவாயில்லை என்று சொல்லாதீர்கள்" என்றேன்.

லண்டன் திரும்பியதும் உரிமையாளருக்குக் கடிதம் எழுதினேன். விடுதியின் இணையதளத்தில் முறையீட்டுப் படிவம் ஒன்று இருந்தது. நிரப்பியே ஆகவேண்டிய கட்டங்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். 'உங்களுக்குப் பரிமாறிய ஊழியரின் பெயர்' என்ற கட்டத்துக்குச் சிவப்புப் புள்ளி இருந்தது. அதை நிரப்பாமல் படிவம் நகரவில்லை. உரிமையாளரின் பெயருக்குக் கட்டமே இல்லை. சென்னை அலுவலகத்தின் அஞ்சல் முகவரி எங்கும் கிடைக்கவில்லை. விடுதி முகவரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பலாம். அதைப் பிரிப்பவர் அதே மேலாளராகத்தான் இருப்பார். பச்சையம்மாளின் பெயரை எழுத என் கை வரவில்லை. படிவத்தை மூடினேன். மாவட்டத்தில் நுகர்வோர் முறையீட்டுக்கு வழி உண்டு என்று அறிவேன். ஆனால் அதே விடுதிக்கு நான் எழுதிக் கொடுத்த 'சிறப்பான பணி' இணையத்தில் என் பெயரோடு நின்றது. அதை நீக்கினால் உரிமையாளர் காரணம் கேட்பார், மேலாளர் அந்த அம்மாளைக் கேட்பார். நீக்கவில்லை. அவருக்கு வேலை நிலைக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

5

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில், சென்ற ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். இங்கே காலை, சன்னலுக்கு வெளியே பனித்தூறல்.

"பாப்பா, இன்னைக்கு வெட்டு ஆரம்பிச்சோம்."

எங்கள் வீட்டில் முதல் வெட்டு நாளன்று வெட்டுக்காரர்களுக்கு மதியச் சோறு வீட்டிலிருந்து போகும். வரப்போரம் இலை போட்டு அண்ணனே பரிமாறுவார்.

"மகிழ்ச்சி அண்ணா. ஆள் கிடைத்தார்களா?"

"கெடைச்சாங்க. கரியாலூர் பக்கத்திலேர்ந்து ஒரு செட்டு, இருவது பேரு. மேஸ்திரி கூட்டியாந்தான்." சற்று இழுத்தார். "அதுல அந்தம்மா இருந்துச்சு."

"எந்த அம்மா?"

"அதான், ரேடியோ மாரி பேசறீங்கன்னு உன்ன சொல்லிச்சே."

நான் உட்கார்ந்தேன். "விடுதியில் இல்லையா?"

"நீங்க பிளேன் ஏறி ஒரு மாசங்கூட ஆவலயாம், ஆள மாத்திட்டாங்க. அந்த வாரம் கூலியும் கழிச்சிட்டுத்தான் குடுத்தானாம்."

"நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேனே! ஐந்து விண்மீன் போட்டேனே!"

"அது ஓட்டலுக்குப் போட்ட பாப்பா. அந்தம்மாவுக்கா போட்ட?"

கோபமாகத்தான் சொன்னார். மலை இறங்கிய அன்று இருந்த கோபம் இல்லை இது.

"பொண்ணு? பத்தாம் வகுப்புப் படித்ததே?"

"கூட வந்துக்கீது. கட்டு கட்ட நின்னுச்சு, நான் வுடல. வரப்புல உக்காருன்னுட்டேன். பரிச்சைக்குப் போவியான்னு கேட்டா, அது அவங்கம்மா மூஞ்சியப் பாக்குது. மேஸ்திரிகிட்ட பேசலாம்னு இருக்கேன், இங்க நம்மூருப் பள்ளிக்கூடத்துல பரிச்சை எளுத வுடுவாங்களான்னு. ஏதேதோ பேப்பரு கேப்பாங்களாமே, உனுக்குத்தான் அதெல்லாம் தெரியும். நீதான் எளுதிக் குடுக்கணும்."

"எழுதுகிறேன்" என்றேன். சன்னல்களில் கற்ற ஒரே கலை அது. அன்று முற்பகலே தலைமை ஆசிரியருக்கும் கல்வி அலுவலகத்துக்கும் எழுதத் தொடங்கினேன். இந்தக் குறிப்புகளை எழுதும்போதும் பதில் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா அண்ணா?"

அந்தப் பக்கம் டிராக்டர் ஒன்று உறுமி ஓய்ந்தது.

"மதியம் எல போட்டு உக்காந்தாங்க. நான் சோறு வச்சிக்கினே வந்தேன். அந்தம்மா எல வந்திச்சி. கொயம்பு ஊத்தினேன். தண்ணி சொம்ப எடுத்துப் பக்கத்துல வச்சேன். நிமுந்து பாத்துச்சு. தெரிஞ்சிக்கிச்சி. தெரிஞ்சிக்கினு சிரிக்குது பாப்பா. 'இதுக்கு சர்வீஸ் சார்ஜ் எவ்ளோங்க சார்'ன்னு கேக்குது. இருவது பேரும் சிரிக்கிறாங்க."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"இன்னா சொல்றது? இன்னொரு கரண்டி ஊத்தினேன்."